அண்ணன் தேதி, காலண்டர் தேதி

அந்த மரப்பட்டறையில் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. நேரில் பார்த்தால் ‘அண்ணே’. அந்தப் பக்கம் திரும்பினால் ‘அவசரம்’. ஒரு முக்காலி செய்யச் சொன்னால்கூட, “அவசரம்ப்பா, ரொம்ப அவசரம்” என்று ஆரம்பிக்கிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லை. சுறுசுறுப்பான ஆள் என்று சொல்லாமல் சொல்கிறார்கள் என எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போனார். அவர் சுபாவம் அப்படி.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. தான் நேரம் தவறாதவர் என்று சத்தியம் பண்ணிச் சொல்வார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் ஆள் அவர்தான். அவர் போய் இறங்கும்போது அங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் தரையைக் கூட்டிக்கொண்டிருப்பார். அழைத்த வீட்டுக்காரர் பனியனோடு பல் துலக்கிக்கொண்டு நிற்பார். “என்ன ஜனங்கப்பா இது, நேரத்தோட மதிப்பு ஒருத்தருக்காவது தெரியுதா?” என்று நடுக்கூடத்தில் நின்று சத்தமாகவே கேட்பார். பக்கத்தில் நிற்கிற மனைவி அந்த நேரம் பார்த்து எதிர்ச்சுவரை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்பேர்ப்பட்டவர் பட்டறையை எப்படி நடத்தினார் என்று கேளுங்கள்.

ஆரம்பத்தில் மூன்றே பேர். அவர், கணக்கும் போனும் பார்த்துக்கொள்ளும் மனைவி, பலகை அறுக்கிற மச்சான், அதாவது மனைவியின் தம்பி. மச்சான் நல்ல வேலைக்காரன்தான், ஆனால் கழுத்தில் கத்தி வந்து நின்றால்தான் கை ஓடும். அதனால் அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். வியாழக்கிழமை போகவேண்டிய அலமாரியை ஞாயிற்றுக்கிழமையே போகணும் என்று சொல்லிவிடுவது. நாலு நாள் முன்தேதி. மச்சான் அடித்துப் பிடித்துத் திங்கட்கிழமை முடிப்பான். இவரும் “ஒரு நாள் லேட்டாக்கிட்டியே, வாடிக்கையாளர் கிட்ட நான் என்னத்தச் சொல்றது” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். அலமாரி மூன்று நாள் போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும். மச்சான் ஒன்றும் கேட்கமாட்டான். அவனுக்கு எப்போதோ விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து அத்தான் ஞாயிறு என்றால் வியாழன் என்று அவனே மனசுக்குள் மாற்றிக்கொண்டான். மூன்று பேருக்குள் இருந்தவரை இந்தக் கண்ணாமூச்சி அழகாகவே ஓடியது.

பட்டறை வளர்ந்தது. மூன்று பேர் ஒன்பது பேர் ஆனார்கள். கண்ணாடி வெட்டுகிறவர் வந்தார், வேன் ஓட்டுகிறவர் வந்தார், பாலீஷ் போடுகிற அக்கா வந்தாள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் மச்சான் முதல் நாளே டீ வாங்கிக் கொடுத்து ஒரு பாடம் நடத்துவான். “இங்க ரெண்டு தேதி இருக்கு. ஒண்ணு அண்ணன் தேதி, ஒண்ணு காலண்டர் தேதி. குழப்பிக்காதீங்க.”

குழப்பிக்காமல் எப்படி இருப்பது? மச்சான் நாலு நாள் கூட்டிக்கொண்டான். கண்ணாடிக்காரருக்கு மச்சான் மேல் நம்பிக்கை இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாள் மட்டும் கூட்டிக்கொண்டார். வேன்காரர் கொஞ்சம் பயந்த சுபாவம், அண்ணன் சொன்னபடியே கிளம்பி வந்து நிற்பார். முதலாளியின் மனைவியோ, இந்த மனுஷன் கணக்கு எப்படியும் உதைக்கும் என்று வாடிக்கையாளரிடம் மூன்று நாள் தள்ளியே சொல்லிவைப்பாள். ஆக ஒரு மேசைக்கு நாலு தேதி. கண்ணாடி வந்து சாய்ந்து நிற்கும், சட்டம் அறுத்திருக்காது. சட்டம் தயாராகும், வேன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மானம் கப்பலேறியது. வேன்காரர் அண்ணன் தேதிக்கு வந்து, பாலீஷ் அக்கா காலண்டர் தேதிக்குப் பூசி வைத்திருந்த அலமாரியை ஈரத்தோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தலைமை ஆசிரியர் ஆசையாகத் தட்டிக்கொடுத்து, “வேலைப்பாடு பிரமாதம்” என்றார். கையை எடுத்தபோது அலமாரிக் கதவில் ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தது. பாவம், கையில் பாதி வார்னிஷ்.

அன்றைக்கு முதலாளி வீட்டில் சாப்பிடவில்லை. மனைவி, “நீங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்றீங்க, எல்லாரும் ஆளுக்கொரு மாதிரி அதைத் திருத்திக்கிறாங்க. மூணு பேர்னா சமாளிக்கலாம். ஒன்பது பேரா இருந்தா இப்படித்தான் கை ஒட்டும்” என்றாள். மறு நாள் போய் ஒரு பெரிய வெள்ளைப் பலகை வாங்கி வந்து பட்டறை நடுவில் மாட்டினார். எல்லாரையும் கூட்டினார்.

“இனிமே ஒரே தேதி. வாடிக்கையாளர் சொல்ற தேதியை அப்படியே இங்க எழுதுவேன். முன்னையும் கிடையாது, பின்னையும் கிடையாது. அடுத்த வேலை என் தங்கச்சியோட பல் ஆஸ்பத்திரி. குழந்தைங்களுக்குன்னே தனியா திறக்கிறா. வர்ற ஞாயித்துக்கிழமை திறப்பு.”

எட்டுப் பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அப்புறம் கண்ணாடிக்காரர் வேன்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். வேன்காரர் விரலை மடக்கி எண்ணினார். மச்சான் மெல்லிய குரலில், “அப்ப வியாழக்கிழமை” என்றான். எல்லாருக்கும் ஒரே நிம்மதி.

அவருக்கு வந்ததே ஆத்திரம்! வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறார், ஒரு பயல் நம்பமாட்டேன் என்கிறான். “அட, நெஜமாவே ஞாயிறுதான்டா!” என்று கத்தினார். “சரி அத்தான், ஞாயிறுதான்” என்று மச்சான் சமாதானம் செய்தான், காய்ச்சலில் பிதற்றுகிறவரிடம் பேசுவதுபோல.

பாலீஷ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் கதை வேறு. அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். போன வருஷ நாடகத்தன்று, ஒரு நூலகத்துக்குப் போகவேண்டிய அலமாரிகள் அன்றைக்கே முடிந்தாகவேண்டும் என்று அவர் ஒரே பிடியாகப் பிடித்தார். அப்போது அவள் வேலைக்குப் புதிது. மச்சான் பாடத்தை முழுசாக நம்பாத காலம். நாடகத்துக்குப் போகாமல் நாள் முழுக்கப் பூசினாள். முடித்த அலமாரிகள் அடுத்த நாலு நாளும் அவள் கண்ணெதிரே போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. உப்புத்தாளை அவள் அந்த நாலு நாளும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். அவருக்கு அது அப்போதே உறுத்தியது, ஆனால் வேலை மும்முரத்தில் விட்டுவிட்டார்.

சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்களே, அந்த வாடிக்கையாளரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டால்? அவர் தங்கைக்குப் போன் போட்டார். மறு நாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பட்டறைக்கு வந்தாள். மரத்தூள் படாமல் செருப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்து, வெள்ளைப் பலகை முன்னால் நின்றாள். சின்ன வயசிலிருந்தே பொய் பேசாத பெண் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள்.

“எப்பம்மா திறப்பு? நீயே சொல்லு இவங்ககிட்ட” என்றார்.

“ஞாயித்துக்கிழமை காலைல” என்றாள் தங்கை. “சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எல்லாம் மாட்டி முடிச்சிருக்கணும்.”

பாலீஷ் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “டாக்டரம்மா, நிச்சயமா ஞாயிறுதானா?”

தங்கை ஒரு நொடி அண்ணனைப் பார்த்தாள். “நிச்சயமா” என்றாள்.

டாக்டரே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன பேச்சு? தங்கை போனதும் பாலீஷ் அக்கா அவரிடம் வந்தாள்.

“அண்ணே, கடைசிப் பூச்சு ஆஸ்பத்திரிலயே வெச்சுத்தான் போடணும். வேன்ல ஏத்தினா கீறல் விழும். சனிக்கிழமை காலைல பூசினாத்தான் சாயங்காலம் காயும்.”

“ஆமாம்மா.”

“சனிக்கிழமை காலைலதான் எம் பொண்ணு நாடகம்.”

அவளே தொடர்ந்து பேசினாள். “இந்த வருஷம் முதல் வசனமே அவளோடதுதான். திரை விலகினதும் அவதான் பேசணும். மொத்த நாடகத்துலயும் அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு வசனம்தான். இருந்தாலும் வர்றேண்ணே. உங்க தங்கச்சி காரியம், தேதியும் நெசம்னு அவங்களே வந்து சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு. இதுவும் அண்ணன் தேதின்னு தெரிஞ்சா, திங்கட்கிழமைலேர்ந்து என்னை எதிர்பார்க்காதீங்க. ஆத்தங்கரைப் பக்கம் இருக்கிற பெரிய பட்டறையில மூணு மாசமா கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க.”

“இது நெசம்மா. என் தங்கச்சி மேல சத்தியம்” என்றார் அவர். அவள் போனால் பட்டறையின் பளபளப்பே போச்சு என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, அந்தப் போன வருஷத்து நாலு நாள் மறுபடியும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரத்தை அந்தப் பட்டறை அதுவரை பார்த்ததில்லை. காலையில் டீயோடு எல்லாரும் பலகை முன்னால் கூடினார்கள். இன்றைக்கு நான் எதை முடிப்பேன், யாரிடமிருந்து எனக்கு என்ன வரவேண்டும், அவ்வளவுதான் பேச்சு. கண்ணாடிக்காரர் எப்போதும் தன் வேலைக்கு ஐந்து நாள் கேட்பவர். அன்று தலையைச் சொறிந்துகொண்டு, “உண்மையச் சொன்னா ரெண்டு நாள் போதும்” என்றார். “அடப்பாவி, இத்தனை நாளா?” என்றான் மச்சான். “அண்ணன் நாலு நாள் முழுங்குவாரு, நான் மூணு நாள் சேர்த்துச் சொல்லுவேன். என்னை மட்டும் என்ன சொல்றே?” என்றார் கண்ணாடிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் அசடு வழிந்ததென்னவோ உண்மை.

சட்டம் முடிகிற அன்றைக்கே கண்ணாடி வந்தது. இழுப்பறைகள் தயாரான மதியமே வேன் வந்து நின்றது. யாரும் யாருக்காகவும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மச்சான் கழுத்தில் கத்தி இல்லாமலே பலகை அறுத்தான். ‘இதை முதல்லயே செஞ்சு தொலைச்சிருக்கலாமே’ என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிச் சுமையோடு அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அலமாரிகளை உள்ளே இறக்கி, சுவரோடு ஒட்டி நிறுத்தி, இழுப்பறைகளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவருக்கு ஏதோ இடித்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பென்றால் இந்நேரம் இடம் இப்படியா இருக்கும்? பக்கத்து அறையில் தரைக்கு இன்னும் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்ற எலெக்ட்ரீஷியன் நிதானமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, நாளன்னிக்குத் திறப்பை வெச்சுக்கிட்டு பாட்டுப் பாடுறீங்க?” என்றார் இவர்.

“நாளன்னிக்கா?” எலெக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். “வியாழக்கிழமைதானே திறப்பு? டாக்டரம்மா எங்ககிட்ட அப்படித்தானே சொன்னாங்க.”

தங்கை உள் அறையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முதலாளி நேரே போய் நின்றார்.

“திறப்பு எப்ப?”

அவள் முகத்தைப் பார்த்தாலே போதுமே. “வியாழக்கிழமை, அண்ணா” என்றாள்.

“என்கிட்டயே பொய்யா? அதுவும் நீயா? அத்தனை பேர் முன்னாடி வந்து நின்னு?”

“நாலு நாள்தானே முன்னாடி சொன்னேன். உன் கணக்குத்தான் எனக்கும் தெரியுமே.”

“நான் எதுக்குடி லேட்டா வரப்போறேன்? என் வாழ்க்கையில எந்த விசேஷத்துக்காவது நான் லேட்டா வந்திருக்கேனா? நான் போறப்ப நாற்காலிகூடப் போட்டிருக்கமாட்டாங்க!”

தங்கை கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அண்ணா, ஏன் போட்டிருக்கமாட்டாங்கன்னு நீ ஒரு நாளாவது யோசிச்சியா?”

“அவங்களுக்கு நேரத்தோட மதிப்பு தெரியலை” என்றார் அவர்.

“என் கல்யாணத்துக்கு நீ எப்ப வந்தே? எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவினப்புறம் வந்தே. போட்டோவுக்கு நிக்க மட்டும் கரெக்டா வந்தே. அன்னிக்கு அம்மா முடிவு பண்ணினாங்க, இனிமே இவனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லணும்னு. அதுலேர்ந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் இதான் பழக்கம். அழைப்புல போட்டிருக்கிற நேரம் ஊருக்கு. உனக்கு வாயால சொல்றது தனி நேரம். அண்ணிக்குத் தெரியும், உன் மச்சானுக்குத் தெரியும். என் புள்ளைங்க பிறந்த நாளுக்குக்கூட ‘மாமாவுக்கு எத்தனை மணின்னு சொல்லணும்?’னு அதுங்களே கேட்கும்.”

அவர் அங்கே கிடந்த ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தைகளுக்காக அவரே செய்த நாற்காலி, முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். “நீ எனக்கு நேரத்தைத் தப்பாச் சொல்றியா?” என்று கேட்டார். அந்தப் பக்கமிருந்து, “யாருங்க சொன்னா?” என்று வந்தது. அவ்வளவு போதும்.

எத்தனை நடுக்கூடங்களில் நின்று நேரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறார்! பல் துலக்கிக்கொண்டு நின்ற அந்தப் பனியன் மனிதர்கள் ஒருத்தராவது முகத்தில் காட்டிக்கொண்டார்களா? நினைக்க நினைக்கக் காது சூடானது. கோபம் பாதி, வெட்கம் பாதி. தன்னை ஒருத்தரும் நம்பவில்லை என்பது இப்படித்தான் இருக்குமோ? பட்டறையில் எட்டுப் பேருக்கும் இத்தனை நாள் இப்படித்தான் இருந்திருக்குமோ? அப்போதுதான் பாலீஷ் அக்காவின் நினைவு வந்து அவரைத் தூக்கி நிறுத்தியது.

“அய்யோ, அந்தப் பொண்ணோட நாடகம்!”

விஷயத்தைக் கேட்டதும் தங்கையின் சிரிப்பு நின்றது. “நீ சொல்லவே இல்லையே, அண்ணா. அவங்க ‘நிச்சயமா’ன்னு கேட்டப்ப எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.”

அவர் மூளை வழக்கம்போல வேலை செய்தது. “ஒண்ணு பண்ணலாமா? ஞாயித்துக்கிழமை சும்மா வாசல்ல ஒரு ரிப்பன் கட்டி வெட்டிடேன். நாலு பேரை வெச்சு. அவ வேலையை விட்டுப் போகாம இருப்பா.”

“பொய்த் திறப்பா?” என்றாள் தங்கை.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. “வேண்டாம்” என்றார். “நான் கிளம்புறேன்.”

பட்டறைக்கு வந்தபோது எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்துக்கு முடிந்த சந்தோஷத்தில் ஒரே கலகலப்பு. பாலீஷ் அக்கா மறு நாளைக்கு வேண்டிய டப்பாக்களையும் பிரஷ்ஷையும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் இன்னும் ஒரு நாள் ஓட்டலாம். நாளைக்கு வந்து பூசிவிடுவாள், ஆஸ்பத்திரி மினுமினுக்கும். அவர் பலகைக்குப் போய், ‘ஞாயிறு’ என்றிருந்ததைக் கையாலேயே அழித்துவிட்டு ‘வியாழன்’ என்று எழுதினார்.

கலகலப்பு பொசுக்கென்று நின்றது. “பாத்தீங்களா, நான் அன்னிக்கே சொல்லல?” என்றான் மச்சான் முதலில்.

“நான் பொய் சொல்லலப்பா. எனக்கும் இப்பத்தான் தெரியும்” என்றார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணத்தில் கை கழுவினதிலிருந்து ரிப்பன் யோசனை வரைக்கும் சொன்னார். நாற்காலி விஷயம் வந்ததும் கண்ணாடிக்காரர் முதலில் களுக்கென்றார். அப்புறம் வேன்காரர். மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அத்தான், பதினஞ்சு வருஷமா இந்தச் சிரிப்பை அடக்கி வெச்சிருக்கேன், மன்னிச்சிடுங்க” என்றான். கணக்குப் பார்க்கிற கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மனைவி மறுபடியும் எதிர்ச்சுவரை உற்றுப் பார்த்தாள்.

பாலீஷ் அக்கா சிரிக்கவில்லை. பையின் வாயைப் பிடித்தபடியே நின்றாள். “அப்ப இது யார் சொன்ன பொய்யிண்ணே?”

“சொன்னது அவ. சொல்ல வெச்சது நான்” என்றார். “போன வருஷம் உன்கிட்ட சொன்னது முழுக்க முழுக்க நான்தான். அந்த அலமாரி நாலு நாள் சும்மா நின்னுச்சு. நீ பாத்துக்கிட்டே இருந்தே. அதுக்கு நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. தப்பும்மா. நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு வராதே. நாடகத்துக்குப் போ. திங்கட்கிழமை நீ இங்க வந்தா சந்தோஷம். வரலைன்னா உன் மேல தப்பில்ல.”

அவள் பையிலிருந்து பிரஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்தாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல்வரை போனவளை அவர் கூப்பிட்டார்.

“நாடகத்துக்கு நானும் வரலாமாம்மா? எத்தனை மணிக்கு?”

மனைவி கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து வேகமாக வெளியே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மச்சான் ஒரு விரலைக் காட்டி, ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம் என்று பாலீஷ் அக்காவுக்கு ஜாடை காட்டினான். பாலீஷ் அக்கா அவர்களைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

“பத்து மணிண்ணே” என்றாள். போய்விட்டாள்.

அது எந்தப் பத்து? ராத்திரி படுக்கும்போதும் அவருக்கு அதே யோசனை. மனைவியைக் கேட்டார். “என்கிட்ட கேட்காதீங்க. இனிமே உங்க நேர விஷயத்துல நான் வாயே திறக்கப்போறதில்லை” என்றுவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் குளித்தார், நல்ல சட்டை போட்டார். கிளம்ப நிறைய நேரம் இருந்தது. ஒரு பசை டப்பா வந்திருக்கிறதா என்று கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் பழைய கதை பேசினார். இவரும் பேசினார். மாடிக் கைப்பிடியில் ஒரு திருகாணி ஆடுவது கண்ணில் பட்டது, ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அதை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. இந்நேரம் மனைவி ‘நேரமாச்சு, நேரமாச்சு’ என்று வீட்டையே இரண்டாக்கியிருக்கவேண்டும். அவளோ தயாராகி, செருப்பும் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கத்து நாற்காலியில் கையைக் கோர்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் கடிகாரத்துக்கும் அவருக்குமாகப் போய்ப் போய் வந்தது.

மணி பத்தாக இருபது நிமிஷம்.

இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாமலே கையிலிருந்த அந்த ஒரு மணி நேரம் இன்றைக்கு இல்லை. பத்து என்றால் பத்து. அக்கா உண்மையைச் சொல்லியிருந்தால்? “ஏன்டி இப்படி உட்கார்ந்திருக்கே, கிளம்பு!” என்று கத்தினார். “நானா? நானா உட்கார்ந்திருக்கேன்?” என்றபடி அவள் அவருக்கு முன்னால் படியிறங்கினாள். வேன்காரரின் வேன் தெருமுனையில் நின்றது. அவரும் நாடகத்துக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்ததும், “அவசரம்ப்பா, ரொம்ப அவசரம்” என்றார் முதலாளி. வேன்காரர் திரும்பி ஒரு தடவை முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் அதை நம்பினார்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம் இல்லை. வண்டிகள் வரிசையாக நின்றன, ஆட்களைக் காணோம். அவர் வராந்தாவில் ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டு ஒரு டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். அரங்கக் கதவை மெல்லத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

எல்லா நாற்காலியும் போட்டாகியிருந்தது. எல்லாவற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர்கூடத் தரையைக் கூட்டவில்லை. விளக்கு அணைந்தது. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து என்றால் பத்துதான். அவள் ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவருக்கு முகமெல்லாம் சூடாகி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கதவோரமாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

திரை விலகியது. ரயில் நிலையம். கண்வரை இறங்கிய தொப்பியும் பெரிய கோட்டுமாக ஒரு குட்டி ஸ்டேஷன் மாஸ்டர் வந்து நின்றது. கையில் பச்சைக்கொடி. அந்தப் பெண் முன்வரிசையைத் தேடினாள், அம்மாவைக் கண்டுபிடித்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

“வண்டி கிளம்பப் போகுது! எல்லாரும் வந்தாச்சா?”

“வந்தாச்சு!” என்றார் கதவோரத்திலிருந்து அவசரம், வாயை மூடிக்கொள்வதற்குள்.

அரங்கமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கொடியால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் பாலீஷ் அக்கா மட்டும் திரும்பவில்லை. அவள் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மகள் கொடியை ஆட்டிவிட்டு உள்ளே போய் மறைகிறவரைக்கும்.

நாடகம் முடிந்து ஜனங்கள் கலைந்தபோது, அவரும், அவருக்கு முன்னாலேயே வந்திருந்த மச்சானும் நாற்காலிகளை மடித்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தொப்பி இன்னும் பெண்ணின் தலையிலேயே இருந்தது.

“அண்ணே, திங்கட்கிழமை கடைசிப் பூச்சு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்?”

“எட்டு மணிக்கும்மா” என்றார்.

மச்சான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் விரல் மடக்கவில்லை, கூட்டவில்லை, கழிக்கவில்லை.

“சரிண்ணே, எட்டு மணிக்கு வந்துடறேன்” என்றாள்.